தீவில் வீடு, கரையில் வேலை: கடலடிக் கேபிளுக்குப் பிறகு தொலைவு யார் தலையில்?

1. கேள்வி

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இணைக்கும் கடலடி ஒளியிழைக் கேபிள் திறந்துவைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேர் போக, ஹேவ்லாக் (இப்போது சுவராஜ் தீவு), லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய ஏழு இடங்களையும் அது தொட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து, பழைய மகாபலிபுரம் சாலையின் (ஓஎம்ஆர்) கண்ணாடிக் கட்டடங்கள் காலியாகியிருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் தென்சென்னையின் கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், நன்மங்கலம் பக்கத்து இரண்டு படுக்கையறை வீடுகளில், இஸ்திரி போடும் மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்தார்கள். வேலை நிற்கவில்லை. அப்போது பலருக்கும் தோன்றிய எண்ணம் ஒன்று உண்டு: அலுவலகத்துக்குப் போகவே வேண்டாமென்றால், ரேடியல் சாலையின் புழுதியில் ஏன் கிடக்க வேண்டும்? ஹேவ்லாக்கில் ஒரு வீடு எடுத்தால் என்ன?

இந்த எண்ணத்தைக் கேலி செய்வது எளிது, பரிசோதிப்பது பயனுள்ளது. கேபிள் வந்த சிறிய வெப்பமண்டலத் தீவில் குடியிருந்துகொண்டு கரையின் வேலையைச் செய்வது எந்த அளவுக்கு இயலும், அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்தமான், லட்சத்தீவு ஆகிய இரண்டையும் முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். கோவிலம்பாக்கத்தை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறேன். நான் குடியிருப்பது இங்கே என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நான்காம் பகுதியில் விளங்கும்.

என் வாதத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கேபிள் தொலைவை ஒழிப்பதில்லை. செய்தியின் தொலைவை மட்டும் பிரித்தெடுத்து நீக்குகிறது. தண்ணீர், மின்சாரம், அரிசி, மருத்துவம் ஆகியவற்றின் தொலைவு அப்படியே கிடக்கிறது. அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர்.

2. இரண்டு பார்வைகள்

இந்தப் பொருளில் ஏற்கெனவே உள்ள புரிதலை இரண்டு முகாம்களாகப் பிரிக்கலாம். முதல் முகாமுக்குத் தொலைவு என்பது தொழில்நுட்பம் தீர்க்க வேண்டிய தொல்லை. அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நில்ஸ் 1973இல் அலுவலகப் பயணத்துக்குப் பதில் தொலைத்தொடர்பு என்ற யோசனையை ஆராய்ந்தபோது அவர் மனத்தில் இருந்தது தீவு அல்ல, லாஸ் ஏஞ்சலஸின் போக்குவரத்து நெரிசல். தீவையும் வேலையையும் பொதுமக்கள் மனத்தில் முடிச்சுப் போட்டவர் ஆர்தர் சி. கிளார்க். 1964இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் ஒருவர் லண்டனிலிருந்து நடத்தும் தொழிலைத் தாஹித்தியிலிருந்தோ பாலியிலிருந்தோ அதே சுலபத்தில் நடத்தலாம் என்றார். 1997இல் சுகியோ மாகிமோட்டோவும் டேவிட் மானர்ஸும் இடம்விட்டு இடம் திரியும் மின்னணுத் தொழிலாளியைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். அதே ஆண்டில் பிரான்சிஸ் கேர்ன்கிராஸ் தொலைவின் மரணத்தை அறிவித்தார்.

இரண்டாவது முகாம் சிறியது; ஆனால் கனமானது. டோங்கா வழிவந்த மானுடவியலாளர் எபெலி ஹவோஃபா 1993இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பசிபிக் தீவுகளைத் தூரத்துப் புள்ளிகளாகப் பார்ப்பது கண்டத்துக்காரன் பார்வை என்று வாதிட்டார். தீவுக்காரருக்குக் கடல் ஒரு தடுப்பாக இருந்ததே இல்லை; உறவும் பண்டமும் போய்வரும் பாதையாகவே இருந்தது என்பது அவர் நிலை.

ஆக, முதல் முகாம் தீவை வெறும் இருப்பிடமாகப் பார்க்கிறது. இரண்டாவது அதை உறவுகளின் வலையாகப் பார்க்கிறது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் வரும் தீவு வேலைக் கட்டுரைகள் எல்லாமே முதல் முகாமின் பேரப்பிள்ளைகள். கடற்கரை ஊஞ்சலும் மடிக்கணினியும் இருக்கும். அந்த ஊஞ்சலுக்குப் பின்னால் ஓடும் டீசல் ஜெனரேட்டரின் சத்தம் படத்தில் வராது.

3. பழைய சான்றுகள்: தந்தி ஊழியரும் கிளார்க்கும்

சிறு தீவில் உட்கார்ந்து தூரதேசத்து வேலை பார்த்த முதல் ஆட்கள் கணினிக்காரர்கள் அல்லர், தந்திக்காரர்கள். 1870–71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியப் பெருங்கடலின் தனித்த தீவுகள் பலவற்றில் தந்தி நிலையங்கள் முளைத்தன. கோகோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்‌ஷன் தீவு அவற்றில் ஒன்று.

அந்த நிலையத்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், நவம்பர் 9 அன்று அழிந்தது டைரக்‌ஷன் தீவருகே. தந்திக் கம்பியை அறுக்கவும் வானொலிக் கம்பத்தைச் சாய்க்கவும் எம்டனின் ஆட்கள் கரையிறங்கினார்கள். அதற்குள் நிலைய ஊழியர்கள் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, எம்டனை முடித்தது. கம்பத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி ஊழியர்கள் ஜெர்மானியரைக் கேட்டுக்கொண்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. போர் வரலாற்று நூல்கள் இதை நகைச்சுவையாகச் சொல்லிக் கடந்துவிடும். எனக்கு அந்த டென்னிஸ் மைதானம் முக்கியமான சான்று. தூரவேலைக்காரருக்குத் தீவில் ஒரு மைதானம் இருந்தது. அதே கூட்டத்தின் இன்னொரு தீவில், குளூனிஸ்-ராஸ் குடும்பத்தின் தென்னந்தோப்பில், மலாய்த் தொழிலாளர்கள் கொப்பரை உடைத்தார்கள். தோட்டத்துக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகள்தான் அவர்களுக்குக் கூலி. ஒரே கடல், ஒரே மழை, இரண்டு வகைத் தொலைவு.

கிளார்க்கின் வாழ்க்கை இதைவிடச் சிக்கலான சான்று. செயற்கைக்கோள் தொடர்பின் அடிப்படையை 1945இல் எழுதியவர், 1956இல் இலங்கையில் குடியேறினார். 1975இல் இந்தியாவின் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கியபோது, இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஓர் அலைவாங்கித் தட்டை நிறுவிக் கொடுத்தார்கள். 1983 இறுதியில், '2010' திரைப்படத்தின் திரைக்கதை தொடர்பாக, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் கேப்ரோ கணினியும் மோடமும் கொண்டு கொழும்பிலிருந்தே அன்றாடம் உரையாடினார். அந்தக் கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. தீவிலிருந்து தூரவேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னோடி கிடையாது என்று பலரும் எழுதுகிறார்கள்.

எனக்கு இதில் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது சாதாரணமானது: கொழும்பு ஒரு தலைநகரம், இலங்கை பெரிய தீவு, கிளார்க் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர், அவருக்கு முடிந்தது மற்றவருக்கு முடியும் என்பதற்கு இது ஆதாரமாகாது. இரண்டாவது தடை தமிழ் வாசகருக்குச் சொல்லாமலே தெரியும். அந்த மோடம் உரையாடல் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1983 ஜூலையில், அதே கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் முகாம்களில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். கிளார்க் மீது குற்றம் சுமத்துவது என் நோக்கமல்ல. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒரே ஊரில் ஒருவருக்கு லாஸ் ஏஞ்சலஸ் கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது, இன்னொருவருக்கு அடுத்த தெருவே எட்டாத தூரமானது. எவ்வளவு தூரம் என்பதைக் கம்பி மட்டும் தீர்மானிப்பதில்லை.

4. கேபிள் கொண்டுவருவதும் கொண்டுவராததும்

முதலில் கேபிளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு சொல் மேலே ஏறிக் கீழே இறங்கக் கால் விநாடி. பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" என்று இருவருமே சொல்வது இந்த அரை விநாடியால்தான். ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போய்வர விநாடியில் எழுபதில் ஒரு பங்குதான். லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து 1,868 கிலோமீட்டர் கேபிள், 1,072 கோடி ரூபாய் செலவில், 2024 ஜனவரி தொடக்கத்தில் திறக்கப்பட்டது. தீவுகளுக்கு மொத்தமாகக் கிடைத்த 1.7 கிகாபிட் அலைவரிசை 200 கிகாபிட் அளவுக்கு உயரும் என்று அரசு அறிவித்தது. வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதிலளிக்கும் வேலையோ, நிரல் எழுதும் வேலையோ, காணொளிக் கூட்டமோ இதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.

கேபிள் ஒன்றே ஒன்று என்பதன் ஆபத்தை டோங்கா காட்டியது. 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்துக் கேபிள் அறுந்தது. முதன்மைத் தீவுக்கு இணைப்பு மீள ஐந்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. வெளித்தீவுகள் ஒரு வருடத்துக்கும் கூடுதலாகக் காத்திருந்தன. இது முக்கியமான எச்சரிக்கைதான். ஆனாலும், தீவு வேலையின் உண்மையான முடிச்சு கேபிளில் இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் கோவிலம்பாக்கமே.

இந்தியாவில் கடலடிக் கேபிள்கள் கரையேறும் முதன்மை ஊர்களில் சென்னை ஒன்று. சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ கேபிள் 2002இலேயே வந்துவிட்டது; அதன் பின் பலவும் வந்தன. அப்படிப்பட்ட ஊரின் தென்புறநகர், 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டது. நாராயணபுரம் ஏரிப் பக்கம் ரேடியல் சாலையில் வெள்ளம் நின்றது. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளே ஓய்ந்தது. அடித்தளத்துத் தொட்டியின் மோட்டார் தண்ணீருக்குள் கிடந்ததால் மேல் தொட்டியும் காய்ந்தது. காரை ஓடவிட்டுச் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். கோபுரத்திலும் மின்சாரம் இல்லாததால் சார்ஜ் ஏறிய போனில் சிக்னல் வரவில்லை. கடலுக்கடியில் கேபிள்களெல்லாம் பழுதின்றித்தான் கிடந்தன. அறுந்தது வேறு.

இன்னும் பின்னால் போகலாம். 2019 ஜூன் மாதத்தில், சென்னையின் ஏரிகள் வற்றிப்போனபோது, ஓஎம்ஆரில் இருந்த சில நிறுவனங்கள் தம் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்பதே காரணம். தூரவேலையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெருந்தொற்றிலிருந்து தொடங்குகிறார்கள். தென்சென்னைக்கு அது தண்ணீர் லாரியிலிருந்து தொடங்கியது என்பதைப் பதிவு செய்துவைப்பது நல்லது.

தண்ணீர் என்றதும்தான் கோவிலம்பாக்கத்தை ஒப்பீட்டுக்கு வைத்த இரண்டாவது காரணம் வருகிறது. பக்கத்தில் பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அன்றாடம் அதன் மதில் ஓரமாகப் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமோ. லட்சத்தீவில் குழாயில் வரும் குடிநீர் அந்த வளாகத்தில் பிறந்த யோசனை.

அது இயங்கும் விதம் எளிமையானது. பவளத் தீவைச் சுற்றிக் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே 350 மீட்டர் ஆழம் கிடைக்கும். மேல்மட்டக் கடல்நீரின் வெப்பம் சுமார் 28 டிகிரி; அந்த ஆழத்தில் 12, 13 டிகிரி. காற்று உறிஞ்சப்பட்ட ஒரு கலத்துக்குள் மேல்மட்டத்து வெதுநீரை விட்டால் அதில் ஒரு சிறு பங்கு ஆவியாகும். ஆழத்திலிருந்து குழாய் வழியே ஏற்றிய குளிர்நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர். எரித்துக் காய்ச்ச வேண்டியதில்லை, சவ்வு வைத்து வடிகட்ட வேண்டியதில்லை. 2005இல் கவரத்தியில் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் நிலையங்கள் வந்தன. பின்னர் வேறு தீவுகளுக்கும் இத்திட்டம் விரிந்தது.

1 லட்சம் லிட்டர் என்பதைக் கொஞ்சம் வகுத்துப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் கவரத்தியின் மக்கள்தொகை 11,000க்குச் சற்று மேல். ஆளுக்கு ஒன்பது லிட்டர். குடிக்க, சமைக்க, அவ்வளவே. கோவிலம்பாக்கத்து அடுக்ககங்களுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் எட்டுக்குக் கொஞ்சம் கூட. ஒரு பெரிய அடுக்ககம் கோடையில் ஓரிரு நாளில் வாங்கித் தீர்க்கும் அளவுதான் அங்கே ஓர் ஊரின் ஒரு நாள் குடிநீர்.

குளிக்க, துவைக்க? அதற்குக் கிணறு. பவளத் தீவின் கிணற்று நீர் என்பது கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். மழை மட்டுமே அதை நிரப்பும். கோட்பாட்டுக் கணக்குப்படி, நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும். அதையே திருப்பிச் சொன்னால், மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்புநீர் ஏறிவரும். வாளியால் இறைத்த காலத்தில் கிணறு தாங்கியது. மோட்டார் வைத்து இழுத்தால் தாங்காது. மணல் தரையில் கழிவுநீர்த் தொட்டியும் கிணறும் சில மீட்டர் இடைவெளியில் இருக்கும்போது வரும் கேடு தனி. தீவில் ஆறு மாதம் தங்கி வேலை பார்க்க வருபவர் நாளைக்கு இரண்டு வேளை குளித்தால், அந்தத் தண்ணீர் தீவுக்காரர் ஒருவர் குளிக்காமல் விட்டதாகத்தான் இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. லட்சத்தீவிலும் அந்தமானிலும் வலைப்பின்னலின் முதுகெலும்பு இன்னும் டீசல்தான். அந்த டீசல் கப்பலில் வருகிறது. தெற்கு அந்தமானில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் மின்கலச் சேமிப்போடு 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருப்பது நல்ல தொடக்கம். போர்ட் பிளேரின் குடிநீர் தனிக்காரி அணையை நம்பியிருக்கிறது. கோடையில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். அரிசியும் வெங்காயமும் மருந்தும் சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் கடலில் போகின்றன. நோய் முற்றினால் நோயாளி எதிர்த்திசையில் வருகிறார். கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பேயில் இருப்பவர் போர்ட் பிளேர் வரவே கப்பலில் இரண்டு நாள் ஆகலாம். ஹெலிகாப்டரில் இருக்கைகள் சில, அதிலும் நோயாளிக்கு முன்னுரிமை.

5. கடிகாரம்

இதுவரை யாரும் போதிய கவனம் கொடுக்காத ஒரு தடை உண்டு. போர்ட் பிளேர் கிழக்கு நெடுவரை 92.7 டிகிரியில் இருக்கிறது. இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 டிகிரியில். ஆகவே அங்கே சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்தியே ஓடுகிறது. சென்னையைவிட ஐம்பது நிமிடம். ஜூனில் ஐந்து மணிக்கு முன் விடிந்துவிடும். நவம்பர், டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டு.

சென்னை அலுவலகத்தின் காலைக் கூட்டம் பத்து மணிக்கு என்றால் தீவில் விடிந்து நாலரை மணி நேரமாகியிருக்கும். மாலை ஆறரைக்கு வேலை முடிக்கும்போது இருட்டி ஒன்றரை மணி நேரம். அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு பத்து வரை இருக்க வேண்டியவர் நிலை இன்னும் மோசம். கடலுக்காகத் தீவுக்குப் போனவர் கடலைப் பகலில் பார்ப்பது விடியற்காலையில் மட்டும். இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை: அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் இன்றும் ஒரு மணி நேரம் முந்திய 'பாகான் நேர'த்தில் இயங்குகின்றன. தோட்டத் துரைமார் கூலிகளின் பகல் வெளிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று கண்டுபிடித்த ஏற்பாடு அது. மென்பொருள் நிறுவனங்களுக்கு அந்த அளவு கவலை இன்னும் வரவில்லை.

6. வாசலும் சட்டமும்

மேற்சொன்ன உற்சாகக் கட்டுரைகள் தொடாத இன்னொன்று, யார் உள்ளே வரலாம் என்பது. லட்சத்தீவுக்குள் நுழையவும் தங்கவும் வெளியாருக்கு 1967ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதிச் சீட்டு வேண்டும். மக்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் பட்டியல் பழங்குடியினர். நிலம் வெளியார் கைக்குப் போவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அந்தமான் நிகோபாரில் 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை பெரும் பரப்புகளை வெளியாருக்கு மூடி வைத்திருக்கிறது. ஆக, கார் நிகோபாருக்கும் கமோர்ட்டாவுக்கும் போன கேபிள், சென்னைக்காரர் அங்கே போய் உட்காருவதற்காகப் போடப்பட்டதல்ல. அங்கே இருப்பவர்களுக்காகப் போடப்பட்டது என்று படிப்பதே பொருத்தம்.

பிற தீவு நாடுகள் வேறு வழி எடுத்தன. பார்படோஸ் 2020இல் பன்னிரண்டு மாத விசாவை 2,000 டாலர் கட்டணத்துக்கு வழங்கத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 50,000 டாலர் இருக்க வேண்டும். அதே ஆண்டு மொரீசியஸ் கட்டணமின்றி ஓராண்டு விசா கொடுத்தது. சுற்றுலா செத்த காலத்தில் விமான நிலையத்தில் யாராவது இறங்க வேண்டும் என்ற நெருக்கடி அவற்றுக்கு. இந்த விசாக்களில் தீவு தன் தொலைவை விலைக்கு விற்கிறது. வாங்குபவருக்கு வாடகை மலிவு; பக்கத்து வீட்டுத் தீவுக்காரருக்கு அதே வாடகை ஏறுகிறது.

வேலைப் பக்கமும் சட்டம் இருந்தது. தொலைபேசிச் சேவை மையங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க, தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் நெடுங்காலம் கடுமையான நிபந்தனைகள் போட்டிருந்தன. அவை பெருமளவு நீக்கப்பட்டது 2020 நவம்பர் 5 அன்று. சிறப்புப் பொருளாதார மண்டல அலகுகளுக்கு, சிறுசேரி, சோழிங்கநல்லூர் அலுவலகங்கள் பலவும் இதில் அடக்கம், வீட்டு வேலைக்கான தனி விதி 2022 ஜூலையில் வந்தது. தொழில்நுட்பம் முன்பே வந்திருந்தது. அனுமதி பின்னால் வந்தது. தூரவேலையின் வரலாறு கம்பிகளின் வரலாறு மட்டுமன்று, அரசாணைகளின் வரலாறும்கூட.

7. யாருக்குப் பொருந்தும்?

இத்தனை தடைகளுக்குப் பிறகு, தீவில் இருந்து கரை வேலை என்பது வீண் கனவு என்று முடிவு கட்டினால் அது தவறான வாசிப்பு. தடைகள் எல்லாம் புதிதாக வருபவருக்கே. தீவில் ஏற்கெனவே வாழ்பவருக்குத் தண்ணீரும் கிணறும் உண்டு, அதன் அளவும் தெரியும். ஐந்து மணி இருட்டு அவருக்குச் செய்தியே அல்ல. நுழைவுச் சீட்டு வேண்டாம். அவர் வந்ததால் வாடகை ஏறாது. அவருக்கு இதுவரை இல்லாதது வேலை ஒன்றுதான்.

அந்தமானில் அப்படிப்பட்டவர்களில் தமிழர் கணிசம். 2011 கணக்கெடுப்பில் அங்கே தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகக் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தேயிலை பறிக்க ஒரு தீவு, ரப்பர் பால் எடுக்க இன்னொரு தீவு. 1969 முதல் கேம்ப்பெல் பேயில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தத் தீவுகளைச் சிதைத்தது. கிரேட் நிகோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டர் அளவுக்கு இறங்கியது. அங்கிருந்து பிள்ளைகள் படிக்கச் சென்னைக்கு வருகிறார்கள். படித்து முடித்தவர்களில் பலர் திரும்புவதில்லை, திரும்ப வேலை இல்லை என்பதால். அவர்கள் வாடகைக்கு இருப்பது கோவிலம்பாக்கம் போன்ற புறநகர்களில்தான். தொலைவைச் சுமந்துகொண்டு கரைக்கு வந்தவர்கள் அவர்கள்.

ஹவோஃபாவின் பார்வை இங்கேதான் கிளார்க்கின் பார்வையைவிட அதிகம் விளக்குகிறது. கிளார்க்கின் தீவுக்கு லண்டனிலிருந்து ஒருவர் போகிறார். ஹவோஃபாவின் கடலில் தீவுக்காரர் போகிறார், வருகிறார், காசு அனுப்புகிறார், மறுபடி போகிறார். கேபிளை முதல் பார்வையில் படித்தால் அது ஓய்விடத்துக்கான வசதி. இரண்டாவது பார்வையில் படித்தால் அது திரும்பிப் போவதற்கான வழி. ஆனால் அரசின் திட்டங்கள் எந்தப் பார்வையில் இருக்கின்றன? கிரேட் நிகோபாரில் 2011இல் எட்டாயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற, 72,000 கோடி ரூபாய் மதிப்பிலான துறைமுக–நகரத் திட்டம், காலப்போக்கில் அங்கே மூன்றரை லட்சம் பேரை எதிர்பார்க்கிறது. அங்குள்ள பழங்குடியினரான ஷோம்பென்களும் நிகோபாரிகளும் இந்தக் கணக்கில் எத்தனை விழுக்காடு ஆவார்கள் என்பதை வகுத்துப் பார்க்கக் கால்குலேட்டர் தேவையில்லை.

திட்டங்களின் அளவில் இல்லாமல், ஒரு நிறுவனத்தின் அளவில் செய்யக்கூடியது உண்டு. தீவுப் பிள்ளைகளை எடுத்து, ஓஎம்ஆருக்கு இழுக்காமல் ரங்கத்திலோ லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலோ இருக்கவிடுவது. அவர்களுடைய பணிநேரத்தைக் காலை எட்டு மணிக்குத் தொடங்குவது. ஊரைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்காமலிருப்பது: பொருட்கள் கப்பலில் வரும் ஊரில் விலைவாசி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பணி ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பது: கேபிள் அறுந்தாலோ புயலில் ஜெனரேட்டர் நின்றாலோ அந்த நாட்கள் விடுப்பில் கழிக்கப்படமாட்டா. 2023 டிசம்பரில் பள்ளிக்கரணையில் சிக்னல் இல்லாமல் தவித்தவர்களுக்கும் இந்த வரி தேவைப்பட்டது.